மாளிகை விற்கும் இலாரியா

கடையை விரித்ததும் இலாரியா அக்கா செய்கிற முதல் வேலை மாளிகைகளின் கூரையைத் துடைப்பது. பாவாடை நுனியில் எச்சில் தொட்டு, ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு ஜன்னலாகத் துடைப்பாள். மூன்று மாடி வீடு அவள் உள்ளங்கையில் உட்காரும். நீச்சல் குளம் வைத்த வீடென்றால் இரண்டு கையும் வேண்டும். வீடுகள் முடிந்ததும் லாரிகள், மினி பஸ்கள், கடவுச்சீட்டு சொருகிய விரலளவு பயணப் பெட்டிகள், கட்டுக்கட்டாக டாலர், டாக்டர் பட்டங்கள். கடைசியாகச் சேவல்கள். சேவல், கல்யாணம் ஆகாத பெண்களுக்கு. "இதை நல்லாத் துடைக்கணும். அழுக்குச் சேவலை வாங்கிட்டுப் போனா அழுக்குப் புருஷன்தான் வருவான். பழி எனக்கு வரும்" என்பாள்.

எங்கள் ஏரிக்கரை ஊரான கோபகபானாவின் மாதாவிடம் வாயால் வேண்டிக்கொண்டால் போதாது. வேண்டியதைப் பொம்மையாகக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வீடு வேண்டுமென்றால் வீடு, லாரி வேண்டுமென்றால் லாரி. அதன்மேல் சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டால் அடுத்த ஆகஸ்டுக்குள் அது நிஜமாகிவிடும் என்பது நம்பிக்கை. தனக்குத் தானே வாங்கிக்கொண்டால் பலன் குறைவு. வேண்டியவர்கள் யாராவது வாங்கிக் கையில் கொடுக்க வேண்டும். ஆகஸ்ட் திருவிழாவுக்கு லா பாஸிலிருந்தும் ஏரிக்கு அந்தப் பக்கம் பெருவிலிருந்தும் வருகிற கூட்டம் எங்கள் கல்வாரிக் குன்றில் ஏறுவதைப் பார்த்தால், உலகத்தில் ஒருவனுக்குக்கூட வீடில்லை என்று தோன்றும். நான் அந்தக் கூட்டத்தைப் படம் பிடிப்பவன். மாளிகையைக் கையில் ஏந்திய குடும்பம், பின்னால் நீலமாக ஏரி. எல்லாரும் சிரிப்பார்கள், மாளிகை மட்டும் கொஞ்சம் கோணலாக இருக்கும். பல வருடங்களாக என் கேமராவுக்குப் பக்கத்துக் கடை இலாரியாவுடையது. ஆகவே நான் சொல்வதை நம்பலாம்.

அவள் வியாபாரம் செய்கிற அழகே தனி. சென்ற திருவிழாவில் ஒரு ஜவுளி வியாபாரி மனைவியோடு வந்து ஏழு மாடிக் கட்டடத்தைக் கையில் எடுத்தார்.

"ஏழு மாடி எதுக்குப்பா?" என்றாள் இலாரியா.

"கீழே கடை. நடுவுல வாடகைக்கு. உச்சியில நாங்க."

"பிள்ளைங்க எத்தனை?"

"ஒரே பையன்."

"அவன் கீழே கடையில இருந்தா, சோறு ஆறிடுச்சுன்னு உன் பெண்டாட்டி உச்சியிலேயிருந்து எவ்வளவு கத்தணும்? தொண்டை என்னத்துக்கு ஆகும்? இந்தா, ரெண்டு மாடி. கூப்பிட்டா கேக்கும்."

மனைவி அந்த இரண்டு மாடியைக் கணவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பேரமே பேசவில்லை. இப்படி வியாபாரம் செய்தால் உருப்பட முடியுமா என்று நான் கேட்டால், "உருப்படியாத்தானே உக்காந்திருக்கேன்" என்பாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளிடம் வாங்கியவர்கள் மறு வருடமும் அவளைத்தான் தேடி வருகிறார்கள். பக்கத்துக் கடைகளில் ஏழு மாடிகள் வெயிலில் காய்கின்றன.

ஊரெல்லாம் மாளிகை விற்கிறவளின் வீடு, சந்தைக்குப் பின்னால் ஒரே ஒரு வாடகை அறை. கட்டில், அடுப்பு, ரேடியோ, மாதா படம், பூசைக்குப் போகிற தொப்பி. உட்கார நாற்காலி கேட்டால் கட்டிலைக் காட்டுவாள். சாப்பாடு என்றால் பனியில் உலர்த்திக் கறுத்துச் சுருங்கிய சுனியோ உருளைக்கிழங்கும் ஏரி மீன் ஒரு துண்டும். பாதித் துண்டு நமக்கு. முற்றத்தில் ஒரு பெரிய பொம்மை மாளிகை கிடக்கிறது. லாரியிலிருந்து இறக்கும்போது கூரை உடைந்துபோன உருப்படி. அதற்குள் வைக்கோல் போட்டுவிட்டாள், கோழி குடியேறிவிட்டது. "என் வீட்டுல மாளிகையில இருக்கறது அவ ஒருத்திதான். அவளும் முட்டை வைக்கிற நேரம் போக மிச்ச நேரம் தெருவுலதான் கிடக்கா" என்று கோழியைப் பற்றிச் சொல்வாள்.

இனி அவளுடைய ஜெபம். கடை விரிக்குமுன் குன்றின் உச்சிக் கோயிலுக்குப் போவாள். ஒரு நாள் பின்னாலேயே போய் நின்று கேட்டுவிட்டேன். பாவம்தான், ஆனால் ஆசை வெட்கமறியாது. "நேத்து காத்து அடிக்கல, நன்றி. கோழி முட்டை வச்சுது, நன்றி. இடுப்பு வலி மத்தியானம் வரைக்கும் வரல, நன்றி. பக்கத்துல போட்டோக்காரன் தொண்டை கட்டிப் பேசாம கிடந்தான், ரொம்ப நன்றி." அவ்வளவுதான். சிலுவை போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். எதுவும் கேட்கவில்லை. அவள் எப்போதுமே எதுவும் கேட்பதில்லை என்பது இந்தக் குன்றில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. கையெட்டும் தூரத்தில் அத்தனை பொம்மைகளையும் வைத்துக்கொண்டு, ஒன்றையாவது எடுத்துப்போய் மாதாவிடம் காட்டியதில்லை.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். என்னிடம், "கேக்கறவங்க வரிசை கீழ்க்கோயில் வரைக்கும் நிக்குது. நன்றி சொல்றவங்க வரிசையில ஆளே இல்ல. எனக்கு இடுப்பு வலி, நான் அதுலதான் நிப்பேன்" என்றாள். இன்னொருவரிடம், அறையில் இடமில்லை, ஒன்று வந்தால் ஒன்றை வெளியே வைக்க வேண்டும், அப்புறம் கோழிக்குக் கோபம் வரும் என்றாள். ஒரே ஒரு தடவை, கூட்டமில்லாத ஒரு மழை நாளில், உண்மையைச் சொன்னாள் என்று நினைக்கிறேன். அவள் கடை, சிலுவைப்பாதையின் ஏழாம் ஸ்தலத்துக்குக் கீழே. ஆண்டவர் இரண்டாம் முறை விழுகிற இடம். அந்தக் கல் சிலுவையைக் காட்டினாள். "இவரு உடுத்தியிருக்கற துணியைத் தவிர ஒண்ணுமில்லாம இந்த வழியாத்தான் போறாரு. போறப்ப என்னைப் பாத்துட்டும் போறாரு. அவரு முகத்தைப் பாத்துக்கிட்டே எனக்கு மூணு மாடி குடுன்னு எப்படிக் கேக்கறது? அவரு பாக்கறாரு இல்ல, அதுவே எனக்கு வயிறு ரொம்பின மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு, மழையில் நனைந்த டாலர்களைப் பிரித்துக் காயவைக்கத் தொடங்கினாள்.

எனக்கு அந்த நிறைவு வாய்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாடி கட்டிவிட்டேன். மூன்றாவது மாடிக்காக மேலே இரும்புக் கம்பிகளை நீட்டிவிட்டிருக்கிறேன். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பதை ஏரிக்கரைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் குன்றில் மற்றவர்கள் வேறு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். முப்பது வருடமாக ஒன்றும் கேட்காதவளுக்கு மாதாவிடம் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று. மெழுகுவத்தி விற்கிற கசிமிரோ கிழவர் நேராகவே வந்து கேட்டார். "உன் பங்கு சும்மாத்தானே கிடக்கு. என் முட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லேன்." "முட்டிக்கு வார்த்தை எதுக்கு, எண்ணெய் தரேன்" என்று ஏரி மீன் எண்ணெயைக் கொடுத்தனுப்பினாள். கிழவர் அதைத் தேய்த்துக்கொண்டே அவளைத் திட்டினார். முட்டி சரியானதா என்று எனக்குத் தெரியாது. திட்டுவது நிற்கவில்லை.

இந்த ஆகஸ்டில் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தவன் அவள் மகன்.

ரெமிகியோ அவளுக்கு ஒரே பிள்ளை. தாயைவிட ஒன்றரை மடங்கு உயரம். லா பாஸ் சாலையில் வேறொருவரின் மினி பஸ்ஸை ஓட்டுகிறான். பகலெல்லாம் முதலாளிக்காக ஓட்டம், ராத்திரி தனக்காக இன்னொரு ஓட்டம். சொந்த பஸ் வாங்கிவிட வேண்டும் என்பது அவன் வெறி. கன்னத்தில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு தூக்கத்தை விரட்டுவான். சின்ன வயதில் இந்தக் குன்று முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தவன். இப்போது என் கேமராவுக்காகக்கூடச் சிரிப்பதில்லை. திருவிழாவின் முதல் நாள் காலையில், கூட்டம் நெரிகிற நேரத்தில், கடை முன்னால் வந்து நின்றான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"அம்மா, இந்த வருஷம் எனக்காகக் கேளு. ஒரே ஒரு பஸ்."

"சாப்பிட்டியா?"

"நீ எடுத்துக் குடு. நீயே சாமியார்கிட்டத் தூக்கிட்டு வந்து கேளு. நீ கேட்டா மாதா தட்ட மாட்டா. ஊரே சொல்லுது."

"ஊரு ஏழு மாடியும்தான் கேக்குது. கடைசியா எப்பத் தூங்கின?"

"பஸ் வந்ததும் தூங்கறேன்."

"அது வந்தா, அப்புறம் ரெண்டாவது பஸ்ஸுக்கு முழிப்பே" என்றாள் இலாரியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை. "தெருவுல போறவனுக்கெல்லாம் லாரி எடுத்துக் குடுக்கறே. பெத்த பிள்ளைக்கு ஒரு பஸ்ஸு கேக்க உனக்கு வாய் வரல. உனக்கு ஒண்ணும் வேண்டாம், சரி. எனக்கும் வேண்டாம்னு நீ எப்படி முடிவு பண்ணலாம்? இந்தத் தடவையும் நீ கேக்கலேன்னா நான் சிலிக்குப் போறேன், சுரங்க வேலைக்கு. ஆள் வந்து கூப்பிட்டுட்டான். அப்புறம் இந்தக் குன்று ஏற மாட்டேன். நீயும் உன் மாதாவும் உன் கோழியும் நல்லா இருங்க."

சுற்றி நின்ற கூட்டம் பொம்மைகளைப் பார்ப்பது போல நடித்தது. எனக்குக் கோபமாக வந்தது. பையன் மேல் அல்ல, அவள் மேல். அவளுடைய திருப்தி அவளோடு இருக்கட்டும். அதற்காகப் பிள்ளையைத் தொலைக்க வேண்டுமா? "கேட்டுத் தொலையேன் அக்கா. உன் வாய் என்ன தேய்ஞ்சா போயிடும்?" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவன் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளையாட்டெல்லாம் அவள் முகத்திலிருந்து போய்விட்டது. அத்தனை வருடத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பிறகு குனிந்து பஸ் தேடினாள். பெரியதை எடுக்கவில்லை. கதவு சரியாகத் திறந்து மூடுகிற நீல பஸ் ஒன்றை, நாலைந்தைத் திறந்து மூடிப் பார்த்துத்தான் எடுத்தாள். முதுகுத் துணியில் முடிந்துகொண்டாள். விற்பனை உச்சத்தில் இருக்கிற நேரத்தில் கடைமேல் தார்ப்பாயை இழுத்து மூடினாள். கசிமிரோ கிழவர் மெழுகுவத்தியை நழுவவிட்டார். "நீயும் வா, படம் எடுக்கணும்" என்று ரெமிகியோ என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

குன்றின் அடிவாரத்தில் இருக்கிற கீழ்க்கோயில் முற்றத்தில் நிற்க இடமில்லை. இலாரியா வரிசையின் முனையில் நின்று முன்னால் இருந்த பெண்ணிடம், "கேக்கறது இங்கதானேம்மா?" என்று விசாரித்தாள். அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஊர்க்காரி மாதிரி இருக்கிறாளே என்று யோசித்திருப்பாள். வரிசை நகர்ந்த நேரமெல்லாம் இலாரியாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்குக் காதில் விழவில்லை. இரண்டு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெமிகியோ எக்கி எக்கி முன்னால் எத்தனை பேர் என்று பார்த்துக்கொண்டிருந்தான். நின்றபடியே ஒரு தடவை கண் சொருகி, என்மேல் சாய்ந்து, திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

சாமியார் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வந்தார். கார்னேஷன் பூக்கொத்தை அதில் முக்கி முக்கி வீசினார். அவர் நெருங்க நெருங்க எல்லாருடைய கைகளும் மேலே போயின. வீடுகள், கார்கள், பெட்டிகள், பட்டங்கள், ஒரு சேவல். இலாரியாவும் பஸ்ஸைத் தூக்கிப் பிடித்தாள். "இன்னும் மேலே, அம்மா" என்றான் ரெமிகியோ. நான் கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

சாமியார் எங்கள் முன்னால் பூக்கொத்தை ஓங்கினார். இலாரியா பஸ்ஸைச் சட்டென்று இறக்கி என் கையில் திணித்தாள். எட்டி மகனின் காதைப் பிடித்தாள். அந்த நெட்டை உருவத்தைத் தன் மார்பு உயரத்துக்கு வளைத்து, தொப்பியைத் தட்டிவிட்டாள்.

"சாமி, இதுக்குப் போடுங்க. நிறையப் போடுங்க."

சாமியார் ஒரு கணம் திகைத்தார். பிறகு பூக்கொத்தை வாளியின் அடிவரைக்கும் முக்கி, அவன் தலையில் அப்படியே கவிழ்த்தார்.

"அம்மா, பஸ்ஸு…" என்றான் ரெமிகியோ, குனிந்தபடியே.

"அது தகரம்டா. நனைஞ்சா துருப்பிடிக்கும்."

அவன் தலையை நிமிர்த்துவான், கத்துவான், போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். நிமிர்த்தவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நெற்றியைத் தாயின் தோளில் வைத்தான். முதுகு ஒரு தடவை குலுங்கிற்று. அப்புறம் அவன் உடம்பின் கனமெல்லாம் அவள்மேல் இறங்கியது. அழுதானா, தூங்கிவிட்டானா, என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் கையில் இருந்ததால் படமும் எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஆட்கள் மாளிகைகளோடும் லாரிகளோடும் முண்டினார்கள், நகருங்கள் நகருங்கள் என்று சத்தம் போட்டார்கள். இலாரியா ஒரு கையை அவன் பிடரியிலிருந்து எடுக்காமலே, மறுகையைப் பின்னால் விரித்து நீட்டி, அத்தனை பேரையும் தடுத்து நிறுத்திக்கொண்டு நின்றாள்.