ஒச்சம்மா பெயர்த்த தரை

டெலானிபூர் மேட்டில், எங்கள் மூன்று மாடிக் குடியிருப்பில் நான் கீழ்வீட்டுக்காரி. ஒச்சம்மா எனக்கு நேர் மேல்வீடு. ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் ஆயாவாக இருந்தவள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றாளே தவிர கைகால் ஓயவில்லை. ஒரு நாளைக்கு நாலு தரம் சோப்புப் பவுடர் கரைத்துத் தரை துடைப்பாள். வருஷத்தில் பாதிக்கு மேல் மழை பெய்கிற இந்தத் தீவில் எது காயும்? கேட்டால், "கிருமி லீவு போடுமா?" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை.

ஜூலையில் அவள் கணவர் ஜெகநாதன் கூடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது நடக்காவிட்டால் கால் வற்றிப்போகும், அப்புறம் நடக்கவே முடியாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியும் மனிதர் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றார். கக்கூசுக்கு மட்டும் அவள் தோளைப் பிடித்துப் போவார். அரசு பஸ்ஸைத் தீவு முழுக்க ஓட்டியவர், ஒரு வாய்த் தண்ணீருக்கு அவளைக் கூப்பிட்டார்.

ஒச்சம்மா பழியைத் தூக்கி பில்டர் போட்ட பளபளப்பு டைல்ஸ் மேல் போட்டாள். "மொகம் பாக்கவா தரை போடுறாக? மொத்தத்தையும் பேத்தெறியணும். அப்பத்தேன் அவரு எறங்குவாரு."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டிலில் சோப்புத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கடை கடையாக ஏறினாள். துணைக்கு நான். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாதிரி டைல்ஸைக் கீழே வைத்து, சோப்புத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பாள். "வழுக்குது. அடுத்தத எடு." மரம் மாதிரி இருந்தது, கல் மாதிரி இருந்தது, எதுவும் தேறவில்லை. ஒரு கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "பாட்டிலை மட்டும் வெளியே வச்சிட்டு வாங்கம்மா" என்றார். கடைசியில் தேறியது, கார் நிறுத்துமிடத்தில் போடுகிற சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ்.

"கூடத்துல காரா நிறுத்தப் போறே?" என்றேன்.

"பஸ் ஓட்டுனவருதானே, பொருத்தமா இருக்கும்."

மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரப் பதினைந்து நாளாகும் என்றார்கள். சரக்கு கைக்கு வந்தபிறகு உடை என்று படித்துப் படித்துச் சொன்னேன். மறுநாள் காலையிலேயே என் தலைக்கு மேல் சுத்தியல் சத்தம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அதே கதைதான்.

எரிச்சலோடு மாடியேறினேன். பால்கனிப் பக்கம் கால்வாசித் தரை பெயர்ந்து கிடந்தது. திக்லிபூரிலிருந்து வந்த மேஸ்திரி சுதாகர், சுத்தியலை வைத்துவிட்டு, உடைக்காத ஒரு டைல்ஸைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார். வெள்ளையாக ஏதோ திரண்டு வந்தது.

"தேக்கோ ஆன்ட்டி, டைல்ஸ்ல கோளாறு இல்ல. இது சாபுன், சோப்பு. தினம் துடைச்சிட்டு அலசாம விட்டிருக்கீங்க, மேல படிஞ்சு போச்சு. ஈரம் பட்டா வழுக்கும்தானே? சுரண்டி நல்லா கழுவிட்டா கால் நிக்கும். உடைச்ச இடத்துக்கு மட்டும் புதுசு போதும்."

கழுவிய இடத்தில் ஈரத்தோடு நின்று காட்டினார். நானும் நின்று பார்த்தேன். வழுக்கவில்லை.

ஒச்சம்மா கூடத்து ஓரத்தில் கிடந்த அவர் கட்டில் பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னைக்கு, நான் தொடச்ச ஈரத்துலயா விழுந்தீக?"

ஜெகநாதன் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"விழுந்தப்பவே தெரியும். கையெல்லாம் சோப்பு."

"பாவி மனுசா, ஏன் சொல்லல? ரெண்டு மாசமா கட்டில்லயே கெடந்தீகளே!"

"சொன்னா நீ தாங்குவியா? நீ பாட்டுக்குத் தொடச்சே. நான் எறங்காம இருந்துட்டேன்."

மறைப்பானேன், எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட மனமில்லாமல் காலையே இழக்கத் துணிந்திருக்கிறார். இது என்ன பிரியமோ!

ஒச்சம்மா வாளியை எடுத்தாள், வைத்தாள், சமையலறைக்குப் போனாள், போன வேகத்தில் திரும்பினாள். சுதாகர் சமையலறை வரைக்கும் சுரண்டிக் கழுவித் துணியால் துடைத்து முடிக்க மத்தியானமாயிற்று. ஜெகநாதன் காலைத் தொங்கப்போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரை இழுத்துக்கொண்டார். அவள் பிடிக்க ஓடினாள்.

"நீ அப்படி உக்காரு. நீ உக்காந்தாத்தேன் நான் நடப்பேன்."

சிமெண்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். முதல் அடியிலேயே அவருக்குக் கால் நடுங்கியது. இவள் எழுந்தாள். அவர் நின்றுவிட்டார்.

"உக்காருன்னேன்ல."

இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் அடி அடியாக நகர்ந்து சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தார். தானே குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நின்றபடி குடித்தார். பிறகு இன்னொரு டம்ளர் மொண்டு மேடையில் வைத்தார்.

"ஒனக்குந்தேன். வந்து குடி" என்றார்.

ஒச்சம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை.