பின்னால் போகாத பஸ்

ஸெனிக் ஷ்பாக்கைப் பற்றி எங்கள் வெர்பிவ்காவில் யாரைக் கேட்டாலும் முதலில் அவனுடைய இடது காலைப் பற்றித்தான் சொல்வார்கள். சர்க்கரை ஆலை அணிக்குப் பதினாறு வருஷம் டிஃபென்ஸில் நின்றவன். எதிராளி பந்தோடு பாய்ந்து வருவான். இவன் அசையாமல் பார்த்துக்கொண்டே நிற்பான். கடைசி நொடியில் அந்தக் கால் மட்டும் நீளும், எதிராளி புல்லில் உட்கார்ந்திருப்பான். மைதானத்தின் பாதிக்கோட்டைத் தாண்டி அவன் முன்னால் போய் நான் பார்த்தது ரெண்டு மூணு தடவைதான். பதினாறு வருஷத்தில் ஒரே ஒரு கோல் போட்டான், அதுவும் எங்கள் வலைக்குள்ளேயே. இதை வேறு யாராவது சொன்னால் சும்மா விடமாட்டேன். நான் சொல்லலாம், ஏனென்றால் அவன் என் தங்கை ஓரிஸ்யாவைக் கட்டினவன்.

என் பெயர் யூக்கிம். அந்த அணியின் பஸ்ஸை அன்றைக்கும் ஓட்டினேன், இன்றைக்கும் ஓட்டுகிறேன். மேட்ச் நாளில் எங்கள் பஸ் பின்னால் போகாது. ஒரு அடிகூடப் போகாது. இது நான் போட்ட சட்டமில்லை, இந்த நாட்டில் எந்த அணியின் டிரைவரும் இதைத்தான் சொல்வான். ரிவர்ஸ் எடுத்தால் அன்றைக்குத் தோல்வி நிச்சயம். தெரு மாறி நுழைந்துவிட்டால் ஊரையே சுற்றிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரு தடவை பெட்ரோல் பங்கில் எனக்கு முன்னால் ஒரு லாரி படுத்துவிட்டது. பதினெட்டுப் பேரும் இறங்கி, கோட்டு சூட்டு போட்ட கிளப் தலைவர் உட்பட, அந்த லாரியைத் தள்ளினார்கள். நான் ரிவர்ஸ் கியரைத் தொடவில்லை.

இந்தச் சட்டத்தில் எங்கள் எல்லோரையும்விடப் பிடிவாதக்காரன் ஸெனிக்தான்.

ஆலையை மூடிய மறுவருஷம் அவன் முட்டி போயிற்று. கொட்டும் மழையில் ஒரு மேட்ச், ஒரு சறுக்கல், அவ்வளவுதான். முப்பத்து நாலு வயசு. ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தவனுக்கு அணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி கோச் வேலை கொடுத்தார்கள், சம்பளம் பெயருக்குத்தான். அந்த இலையுதிர் காலத்திலேயே ஓரிஸ்யா இத்தாலிக்குக் கிளம்பினாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்போது அங்கேதான் இருந்தார்கள். நேப்பிள்ஸில் படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. ஒரு வருஷம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வருஷம் அஞ்சு வருஷமாயிற்று. கோடையில் மூணு வாரம் வருவாள். தக்காளி ஊறுகாய் போடுவாள், அவன் சட்டைகளுக்கெல்லாம் பொத்தான் தைப்பாள், திரும்பிப் போய்விடுவாள். அஞ்சாவது கோடையில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து வரெனிக்கிக் கொழுக்கட்டைக்கு மாவு மடித்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்:

"அண்ணா, அவர் ஒரு தடவை போகாதேன்னு சொன்னா போதும். பெட்டியைப் பிரிச்சுருவேன்."

"அதை அவன்கிட்ட சொல்லேன்."

"நான் சொல்லி அவர் சொன்னா அதுல என்ன இருக்கு? நீயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

நான் மடையன், சத்தியம் பண்ணினேன்.

அவள் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மேட்ச். ஜெயித்தால் மேல் பிரிவு. ஸெனிக் விடியற்காலையிலேயே அவளிடம் "சரி, பாத்துப் போ" என்று சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்பினோம். பாலத்தில் பாதி அகலத்துக்கு ரிப்பேர் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வண்டிதான் போகலாம். நான் நடுப்பாலத்துக்கு வந்தபோது எதிரே வளைவிலிருந்து, எங்கள் ஊர்ப் பெண்களை இத்தாலிக்கு ஏற்றிப்போகும் நேப்பிள்ஸ் வேன் ஏறி வந்துவிட்டது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் என் தங்கை.

மூக்கோடு மூக்கு நின்றோம். வேன்காரன் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"யூக்கிம், கொஞ்சம் பின்னால எடு. எனக்கு இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் கிடக்கு."

"இன்னிக்கு மேட்ச்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான். வேனுக்குள்ளிருந்த பெண்களே கத்தினார்கள், "மேட்ச் நாள்பா, நீ பின்னால போ!" என்று. அவனும் எங்கள் ஊர்க்காரன்தானே. சிலுவை போட்டுக்கொண்டு ரிவர்ஸ் கியரைப் போட்டான்.

பாலம் நூற்றைம்பது மீட்டர் இருக்கும். அவன் ஆமை வேகத்தில் பின்னால் போகிறான், நான் ஆமை வேகத்தில் முன்னால் போகிறேன். நடுவே ஏழெட்டு அடி. ரெண்டு கண்ணாடிக்கும் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

"மச்சான், நான் நிறுத்தறேன். நீ இறங்கிப் போய் ஒரு வார்த்தை பேசு," என்றேன்.

"பேசியாச்சு."

"என்ன பேசின? பாத்துப் போன்னா? வாயில என்ன, வரெனிக்கியா அடைச்சிருக்கு?"

"மேட்சுக்கு முன்னாடி பஸ்ஸை விட்டு இறங்கக்கூடாது. ஓட்டு."

இப்படி ஒரு சட்டம் இருப்பதாக நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அந்த நிமிஷத்தில் அவனே உண்டாக்கிக்கொண்டான். பாலத்தின் முனையில் வேன் ஒதுங்கி நின்றது. நாங்கள் பக்கத்தில் கடந்தபோது அவன் கையை உயர்த்தினான். ஆஃப்சைடு என்று நடுவருக்குக் காட்டத் தூக்குவானே, அதே மாதிரி விறைப்பாக. அவனுக்குக் கையாட்டத் தெரிந்த லட்சணம் அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒன்று பூஜ்யம் என்று ஜெயித்தோம். ஊரே ஆடியது. பஸ் பின்னால் போகாததால்தான் ஜெயித்தோம் என்று பையன்கள் பஸ்ஸின் மூக்குக்கு முத்தம் கொடுத்தார்கள். ஸெனிக் ஆடையறைப் படியில் தனியாக உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா கேக்கல?" என்றேன். கோபத்தில் மச்சான் எல்லாம் பறந்துவிட்டது.

"என்ன முகத்தை வச்சுக்கிட்டுக் கேக்கறது? அவதான் வீட்டுக்குக் கூரை மாத்தினா. அவதான் என் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினா. போகாதேன்னு சொன்னா, என்கூட சேர்ந்து பட்டினி கிடன்னு சொல்றதுதானே?"

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. சொல்லவில்லை.

கோச்சாக அவன் பெயரெடுத்தான். நாலு மாவட்டத்தில் எங்கள் அணிக்கு எதிராகக் கோல் போடுவதுதான் கஷ்டம் என்று பேர். வெளியே பெரிய அணிகளில் கூப்பிட்டார்கள், போகவில்லை. கோடையில் அவள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். பையன்களுக்கு அவன் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், "பொறு. அவன்தான் உன்கிட்ட வரணும்." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மூக்குமேல் கோபம் வரும்.

ஓரிஸ்யா ஞாயிறு மத்தியானம் போன் பண்ணுவாள், அவளுக்கு ஓய்வு அந்த நேரம்தான். அவன் மேட்ச் ஸ்கோரைச் சொல்வான். அவள் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். அங்கே மழையா என்று அவன் கேட்பான். அவ்வளவுதான், போனை வைத்துவிடுவார்கள். ஆனால் நேப்பிள்ஸ் அணி டிவியில் ஆடினால் எந்த வேலை இருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கோல் விழுந்தது, இவன் கண்ணே சிமிட்டவில்லை. கூட்டத்தைக் காட்டும்போது மட்டும் முன்னால் குனிந்தான்.

"மச்சான், அவ ஜென்மத்துல ஸ்டேடியம் பக்கம் போனதில்லையே," என்றேன்.

"தெரியும்," என்றான். மறுபடி கூட்டத்தைக் காட்டினார்கள், மறுபடி குனிந்தான். நான் எழுந்து வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தேன். புகை பட்டதால்தான் கண் எரிகிறது என்று வைத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் அந்தச் சத்தியத்தைச் சுமந்தேன். போன குளிர்காலத்தில், பயிற்சி முடிந்து வரும் வழியில் பஸ் பனியில் நின்றுவிட்டது. நாங்கள் ரெண்டு பேர்தான் இருந்தோம். இழுவை வண்டிக்குக் காத்திருந்தோம். ஓரிஸ்யா பார்த்துக்கொண்ட கிழவி செத்துப்போன செய்தி அந்த வாரம்தான் வந்திருந்தது. "இனிமே வந்துருவாளோ?" என்று அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டான், என்னிடம் கேட்டானா தன்னிடமே கேட்டானா தெரியவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாவு மடித்தது, பெட்டியைப் பிரிப்பேன் என்றது, எல்லாம்.

அவன் ஜன்னலில் படிந்த பனியைக் கையால் துடைத்தான். பிறகு ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"பாலத்துல உனக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். அந்த முட்டியோடு ஆறு கிலோமீட்டர் பனியில் நடந்தே வீட்டுக்குப் போனான். ஒரு மாசம் என்னிடம் பேசவில்லை. பஸ்ஸில் கடைசி சீட்டுக்கு மாறிக்கொண்டான். எனக்கு அதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும்.

கோடையில் அவள் வந்தாள். நேப்பிள்ஸிலேயே வேறொரு குடும்பம் அவளைக் கேட்டிருந்தது. இன்னும் ரெண்டு வருஷம் வேலை பார்த்தால் அங்கே பென்ஷன் கிடைக்குமாம். மூணு வாரமும் ஸெனிக் வாய் திறக்கவில்லை. வேலியைச் செப்பனிட்டான், கிணற்றுக்கு மூடி போட்டான், அவள் பின்னாலேயே கத்திரிக்கோலும் சுத்தியலும் தூக்கிக்கொண்டு அலைந்தான். நான் கண்ணால் ஜாடை காட்டிக் காட்டிக் கண்ணே வலித்தது.

கிளம்பும் ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கும் மேட்ச், பஸ் வாசலில் நிற்கிறது. வேனும் வந்து பின்னால் நிற்கிறது. பயணம் கிளம்புமுன் வீட்டில் எல்லோரும் ஒரு நிமிஷம் பேசாமல் உட்காருவது எங்கள் வழக்கம். பிறகு வீட்டுத் தலைவன் முதலில் எழுந்திருப்பான், "கடவுள் துணை" என்பான், மற்றவர்கள் எழுந்திருப்பார்கள். ஓரிஸ்யா கட்டிலில் உட்கார்ந்தாள். நான் முக்காலியில். ஸெனிக்குக்கு நாற்காலி இருந்தும், அவளுடைய பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

ஒரு நிமிஷம் போயிற்று. ரெண்டு நிமிஷம். அவன் எழுந்திருக்கவில்லை.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். என் பஸ்ஸிலிருந்த பையன்களும் அடித்தார்கள். பயல்களுக்கு ஹாரன் என்றால் கொண்டாட்டம். அவன் தரையைப் பார்த்தபடி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திரிங்க," என்றாள் ஓரிஸ்யா.

"முட்டி பிடிச்சுக்கிச்சு."

"பொய்."

"பொய்தான்," என்றான். அப்புறம் தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தான். "போகாதே, ஓரிஸ்யா. இங்கயே இரு. என்னால முடியல."

நாற்பத்தேழு வயசு மனுஷன். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அவள் முகம் சிவந்தது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"அந்தப் பாலத்துல நான் எண்ணிக்கிட்டே போனேன், தெரியுமா? வண்டி பின்னால போகப் போக, இந்தத் தூண் வரதுக்குள்ள இறங்கிருவார், சரி, அடுத்த தூண் வரதுக்குள்ள இறங்கிருவார்னு. பாலமே முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு ஒரு கையைத் தூக்கினீங்களே, அந்தக் கையைப் பாத்துட்டு ஹங்கேரி தாண்டற வரைக்கும் அழுதேன்."

"தெரியும். இப்பத்தான் தெரியும்," என்றான்.

அவள் எழுந்து அவனுக்கு எதிரே மண்டியிட்டாள். ரெண்டு கையாலும் அந்தக் கெட்ட முட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"வாக்குக் கொடுத்துட்டேன் அவங்களுக்கு. அங்க ஒருத்தர் படுக்கையில கிடக்கார். அப்படியே விட முடியாது. ரெண்டு வருஷம். போயே ஆகணும்."

அவன் தலையாட்டினான். அவள் முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஆனா நீங்க கேளுங்க. ஒவ்வொரு தடவையும் கேளுங்க. நான் முடியாதுன்னு சொன்னாலும் கேளுங்க."

அவன் எழுந்தான். "கடவுள் துணை" என்றான். பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினான். மேட்சுக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனோம். நாலு கோல் வாங்கினோம். டிஃபென்ஸில் நின்ற பையன்கள் அவனிடம் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். அவன் ஆளுக்கொரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் நான் அவன் வீட்டில்தான் இருந்தேன். போன் அடித்தது. இத்தனை வருஷமாக முதல் வார்த்தை ஸ்கோர்தான். அன்றைக்கும் தோல்விதான், மூணு ஒன்று. அவன் போனைக் காதில் வைத்தான், எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான்.

"எப்ப வர்ற?" என்று கேட்டான்.