பூஜ்யம் காட்டிய மீட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரம் தம்பானூர் பக்கம் ஒரு மோட்டார் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தேன். சொந்த ஊர் நாகர்கோவில் அருகே. அப்போதுதான் மின்சாரம் இருக்கிறதா என்று அளந்து எண்ணில் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கியிருந்தேன். புது மாப்பிள்ளை வாட்சைப் பார்ப்பது போல, தேவையில்லாத இடத்தில்கூட அதை எடுத்துப் பார்ப்பேன். வேலை முடிந்ததும் அதன் இரண்டு வயர்களையும் மீட்டர் மேலேயே இறுக்கிச் சுற்றிப் பைக்குள் திணிப்பேன். அதுதான் பத்திரம் என்று நினைப்பு.

ஒருநாள் காலை வலியசாலையில் ஒரு வீட்டில் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று போனேன். வீட்டில் ஐம்பத்தைந்தைத் தாண்டிய தம்பதி. கணவர் ஓய்வுபெற்றவர், கலகலப்பானவர். மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர்.

மோட்டாரின் ஸ்விட்ச் கருகி ஒட்டிப்போயிருந்தது, அணைக்க முடியவில்லை. அதனால் ஃபியூஸ் பலகைக்குப் போய், மோட்டாருடையது என்று நினைத்த ஃபியூஸைப் பிடுங்கினேன். திரும்பி வந்து மோட்டாரின் மூடியைக் கழற்றி, வயர்கள் சேரும் இடத்தில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். இடம் குறுகல், நான் நட்டைத் தளர்த்தும்போது வயரை மேலே இழுக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. கணவர் தானாகவே முன்வந்தார். தரையெல்லாம் ஈரம், அவர் வெறுங்காலோடு நின்றார்.

"கரண்டு இல்ல சார், தைரியமா பிடிங்க" என்றேன்.

அவர் குனிந்து கையை நீட்டினார். வாசற்படியில் நின்ற அந்த அம்மா, "கொஞ்சம் நில்லுங்கோ" என்றார். பிறகு என்னிடம், "அந்த மெஷின் கேடா இருந்தாலும் பூஜ்யந்தானே காட்டும்? எங்க லேப்ல மொதல்ல அளவு தெரிஞ்ச ஸாம்பிளை வெச்சுப் பாப்போம். அது சரியா வந்தாத்தான் நோயாளியோட ரத்தம். உள்ளே மிக்ஸி ஓடிண்டிருந்த பிளக் இருக்கு, அதுல வெச்சுப் பாருங்கோ" என்றார்.

"இவளுக்கு எதுக்கெடுத்தாலும் சம்சயம்" என்று கணவர் சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். உள்ளுக்குள் எரிச்சல். எனக்கே பாடமா என்று முணுமுணுத்துக்கொண்டுதான் சமையலறைக்குப் போனேன்.

பிளக்கிலும் பூஜ்யம்.

மிக்ஸியைச் செருகி ஸ்விட்சைத் தட்டினேன், ஓடியது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி மீட்டரை வைத்தேன். அதே பூஜ்யம். பையில் கிடந்த பழைய டெஸ்டரோடு மோட்டார் பக்கம் ஓடி, அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வைத்துப் பார்த்தேன். டெஸ்டரின் சின்ன விளக்கு பளிச்சென்று எரிந்தது.

நான் பிடுங்கியது மாடி விளக்குகளின் ஃபியூஸ். மீட்டரின் வயர், தினமும் இறுக்கிச் சுற்றியதில், ரப்பருக்குள்ளேயே அறுந்திருந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது.

கணவருக்கு இன்னும் எதுவும் புரியவில்லை. மழுப்பிவிட்டிருக்கலாம். ஒரு நொடி அந்த எண்ணமும் வந்தது. ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அம்மா சொல்லலேன்னா நீங்க இப்போ..." என்று சொல்லி, டெஸ்டர் எரிவதை அவருக்குக் காட்டினேன்.

அவர் தன் ஈரக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம் என்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து, "குடிச்சுட்டு நிதானமா செய்யுங்கோ" என்றார். அந்த நிதானம் எனக்கு வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

அன்றே புது வயர் வாங்கினேன். அதன்பின் வயரை இறுக்கிச் சுற்றியதில்லை. எந்த வீட்டிலும் முதலில் மின்சாரம் இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பேன். வேலை செய்யும் இடத்தில் பார்த்துவிட்டு, மறுபடியும் அந்த முதல் இடத்தில் ஒருமுறை வைப்பேன்; நடுவில் வயர் அறுந்திருந்தால் தெரிந்துவிடும். அவசரக்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள்.

என் கையை நீட்டி நானே அடி வாங்கியிருந்தால் என்றோ மறந்திருப்பேன். என் ஒரு வார்த்தையை நம்பி இன்னொரு மனிதர் கையை நீட்டினார் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.