அரசர்களுக்கு அரை மணி நேரம்

எழுபதுகளில் மெல்பேர்னில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் தமிழர் கூட்டத்தில் இலங்கையின் வரலாற்றை முதல் குடியேற்றத்திலிருந்து இன்றுவரை பேசினேன். ஊரில் வாத்தியாராக இருந்தவன்; இங்கே கிழமை முழுக்க தொழிற்சாலையில் நின்ற களைப்பு. அரசர்களுக்கே அரை மணி நேரம் போய்விட்டது.

முடிந்ததும் தேநீர் கொண்டுவந்த பெண், தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே நர்ஸாக இருப்பவர், கேட்டார்:

“எல்லாரையும் சொன்னீங்க மாஸ்டர். எங்க அக்கா குடும்பத்தக் குடியுரிமை இல்லேன்னு கப்பல்ல ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்களே, அத சொல்லலியே?”

“நேரம் காணேல்லை, தங்கச்சி.”

“எங்களுக்குன்னா யாருக்குமே நேரம் பத்தாது,” என்றவர் அடுத்தவரிடம் போய்விட்டார்.

என் குறிப்பில் தோட்ட மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. களைப்பில் விடுபட்டது என்று பலகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் குறிப்பை நான் எழுதியது ஒரு லீவு நாளில், ஆற அமர.