அவள் ஏறாத சிவப்புக் கார்

அது 2006-ஆம் வருடம், ஆவணி மாதம். சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தம் பக்கம் எங்களுக்குச் சிறியதாக ஒரு பட்டாசு ஆபீஸ் இருந்தது. ஃபேக்டரி என்று போர்டில்தான் எழுதியிருக்கும், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ஆபீஸ்தான். அப்பா போன பிறகு நானும் தம்பியும் சேர்ந்து நடத்தினோம். ஆள், வெடிமருந்து, பேக்கிங் என்று உள்வேலை முழுக்க என் தலையில். வெளியூர் பார்ட்டிகளிடம் பேசி ஆர்டர் பிடிப்பது அவன் பொறுப்பு.

எங்கள் ஆபீஸில் ஒரு பழக்கம் உண்டு. வேலை நடக்கும் நேரமெல்லாம் லோடு வண்டி கேட்டைப் பார்த்துத் திரும்பி நிற்கும். சாவி அதிலேயே தொங்கும். சாயங்காலம் வேலை முடிகிற வரை அதில் சரக்கு ஏற்ற மாட்டோம், பின்னால் ஒரு தார்ப்பாய் மட்டும் மடித்துக் கிடக்கும். எதற்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அப்போது 108 எல்லாம் வரவில்லை. மருந்து தீப்பிடித்து யாருக்காவது ஏதாவது ஆனால் ஆஸ்பத்திரிக்கு அந்த வண்டிதான். காலையில் உள்ளே வரும் பெண்கள் அந்த வண்டி நிற்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ரூமுக்குப் போவார்கள்.

அந்த வருடம் சீசன் தொடங்கும் முன்பே பழைய வண்டி படுத்துவிட்டது. புதிதாக ஒரு பிக்கப் எடுக்கலாம் என்று பேசி முடித்திருந்தோம். விலை பேசி வருகிறேன் என்று பெங்களூர் போன தம்பி, வரும்போது ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். யாரோ வைத்திருந்து விற்ற வெளிநாட்டுக் கார். தரையை ஒட்டி ஊர்ந்துகொண்டு, இரண்டே பேர் உட்காரும் கார்.

நான் கத்தினேன். அவன் அசரவில்லை.

"வடக்க இருந்து வர்ற பார்ட்டிய மதுரை ஏர்போர்ட்டுல போயி பிக்கப்புலயாக்கா ஏத்திட்டு வாரது? கம்பெனிக்கு ஒரு மதிப்பு வேணும்ல?"

இரண்டு பார்ட்டி சேர்ந்து வந்தால் ஒருவரை டிக்கியில் போட்டுக் கொண்டுவருவாயா என்று கேட்டேன். அம்மா குறுக்கே வந்து, ஆம்பளைப் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியதைக் குற்றம் சொல்லாதே என்று என் வாயை அடைத்துவிட்டார். காருக்குப் பூசை போட்டு, எலுமிச்சை நசுக்கி, தெரு நீளத்துக்குச் சரம் வெடித்தார்கள்.

சரக்கு ஏற்ற சாயங்காலம் வாடகை வண்டி வந்துவிடும். பகலில் கேட்டுக்கு என்ன செய்வது? ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து நிறுத்து என்று தினமும் சொன்னேன். "நாந்தான் காரோட இங்கனயே இருக்கேன்ல, அவசரம்னா பறந்துர மாட்டேனா" என்றான். பெண்கள் காலையில் அந்தக் காரையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

அன்று முன்பகல். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் ரூமில் 'டப்' என்று ஒரு சத்தம். வெடித்துச் சிதறவில்லை, குப்பென்று தீ மட்டும் வந்து போனது. நாலு பக்கமும் வாசல் வைத்த ரூம் என்பதால் உள்ளே இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து தப்பித்துவிட்டார்கள். ஒருத்தி மட்டும் மாட்டிக்கொண்டாள். என் வயதுதான் அவளுக்கும். இரண்டு கையும் தோளும் வெந்துபோய், தோல் உரிந்து, அதற்கு மேலே அலுமினியப் பவுடர் மினுமினுக்க நின்றாள். தண்ணீரை ஊற்றி, இரண்டு பெண்கள் இடுப்பில் கைகொடுத்து அவளைக் கேட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

தம்பி காரின் உறையை உருவிவிட்டுக் கதவைத் திறந்தான். உள்ளே சந்தன நிறத்தில் தோல் சீட்டு. அவள் அந்தச் சீட்டைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"சீட்டெல்லாம் பாழாப் போயிரும் சின்ன மொதலாளி. நா வேற வண்டில போயிக்கிறேன்."

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் வருகிறது. அவள் சொன்னதற்காக இல்லை. அதைக் கேட்டுவிட்டு இவன் கதவைப் பிடித்தபடி சும்மா நின்றான். ஏறு என்று ஒரு வார்த்தை வரவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, சீட்டில் விரிக்கப் பேக்கிங் பேப்பர் எடுத்துவரச் சொன்னான்.

"ஏலே, அவளத் தூக்கி உள்ள வையிலே" என்று அடித்தொண்டையில் கத்தினேன். நானே அவளைக் குனியவைக்கப் பார்த்தேன். அவ்வளவு தாழ்ந்த காருக்குள் அந்த உடம்போடு அவளால் குனிய முடியவில்லை. முனகினாள். ஏற்றினாலும் பக்கத்தில் பிடித்துக்கொள்ள இன்னொரு ஆளுக்கு இடமில்லை. அந்தக் காரைக் கல்லால் அடித்து நொறுக்கலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு பிக்கப் வந்தது. திருத்தங்கல் அச்சகத்திலிருந்து வேறு ஏதோ ஆபீஸுக்கு லேபிள் லோடு கொண்டுபோகிற வண்டி. புகையைப் பார்த்து டிரைவரே நிறுத்திவிட்டார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததே இல்லை. நாங்கள் கேட்கக்கூட இல்லை. இறங்கி வந்து அவளை ஒரு பார்வை பார்த்தவர், பின்பக்கம் ஏறிக் கயிற்றை அவிழ்த்து லேபிள் கட்டுகளைத் தூக்கி ரோட்டோரம் எறிய ஆரம்பித்தார். முந்தின நாள் பெய்த மழையில் கரிசல் மண் சகதியாகக் கிடந்தது. அச்சு மை வாடை போகாத லேபிள்கள் அதில் போய் விழுந்தன. இது யார் சரக்கோ, உங்களைப் பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று நான் தடுமாறினேன்.

"லேபிள் கெடக்கட்டும்க்கா. நீங்க ஏறுங்க."

தார்ப்பாயை விரித்து அவளைச் சாய்த்துக்கொண்டு நாங்கள் மூன்று பெண்கள் ஏறினோம். வழியெல்லாம் ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. பின்னால் தம்பி காரில் வந்தான். ஒரு வேகத்தடையில் காரின் அடிப்பாகம் தட்டிவிட்டது. அவன் இறங்கிக் குனிந்து பார்ப்பதை வண்டியிலிருந்து பார்த்தேன். அதன் பிறகு நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சிவகாசியில் முதலுதவி செய்து மதுரைக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். வலது கை விரல்கள் மட்டும் இன்றைக்கும் சரியாக மடங்காது.

மறுநாள் அந்த அச்சகத்துக்குப் போனேன். டிரைவர் வேலை போயிருக்குமோ என்று பயந்துகொண்டே போனேன். முதலாளி என்னை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். லேபிளைப் பற்றி நான் பேச்செடுத்ததும், "அது மறுபடி அடிச்சுக்கிரலாம்மா" என்றார். டிரைவர் வழக்கம்போல லோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு இவ்வளவு சுலபமாக வந்த ஒன்று, எங்கள் வீட்டில் ஒருவருக்கும் வரவில்லை. வீட்டில் அன்று சொந்தக்காரர்கள் வந்து, காரின் அடியில் பட்ட அடியோடு திருஷ்டி கழிந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு எழுந்து போனேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கப் போனபோது, கட்டுப் போட்ட கைகளை மார்பின்மேல் வைத்துப் படுத்திருந்தாள். நான் வீட்டில் போட்ட சண்டை அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

"சின்ன மொதலாளிய வையாதீகக்கா. அம்புட்டு ஆசையா வாங்குன வண்டி" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

என் பங்கு நகையை விற்று அந்த மாதமே ஒரு பிக்கப் எடுத்தேன். ஓட்டவும் கற்றுக்கொண்டேன். அது இன்றும் கேட்டைப் பார்த்துத்தான் நிற்கிறது, சாவி அதிலேயே தொங்குகிறது. சிவப்புக் காரைத் தம்பி அடுத்த வருடம் விற்றுவிட்டான். மனம் மாறி ஒன்றும் இல்லை, ஸ்பேர் கிடைக்கவில்லையாம். இப்போதும் அந்தப் பேச்சு வந்தால், "அவதானக்கா ஏற மாட்டேன்னா" என்கிறான்.

உண்மைதான், அவள்தான் சொன்னாள். வெந்துபோன உடம்போடு நின்ற ஒருத்திக்கு எங்கள் சீட்டின்மேல் அத்தனை கவலை வரும்படி நாங்கள் அதுவரை அவளிடம் எப்படி நடந்திருக்கிறோம் என்று அவன் ஒருநாள் யோசித்துப் பார்க்கட்டும், அதுவரை இந்தக் கோபத்தை ஆறவிட எனக்கு மனமில்லை.