பாதியில் நின்ற பாவு

பாவு பிணைப்பவளுக்குத் தூக்கம் வரலாம், அவள் விரலுக்கு வரக்கூடாது. ஆரணியில் காசியம்மாளுக்கு அதுதான் பிழைப்பு. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் பட்டிழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. குனிந்த கழுத்து வீட்டுக்கு வந்த பிறகும் நிமிராது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று, பிள்ளை இல்லை, முழங்கால் வலி மட்டும் கூடவே இருந்தது.

யார் வம்புக்கும் போகாதவள் என்று அவளுக்கு நல்ல பெயர். அது குணமில்லை, அலுப்பு. வம்புக்குப் போகவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசி மழையில் சக்கரவர்த்தி வீட்டுக்குப் பாவு பிணைக்கப் போனாள். தெருவில் அவர் பெரிய மனுஷர். கோயில் காரியம் என்றால் முன்னால் நிற்பார், கண்ட குழந்தைக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார். மனைவி இறந்தபின் தனியாள். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். சொல்வதற்கு ஊருக்கு என்ன செலவு? அவர் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்குக் குறுக்கிழை ஓட்டும் நாடாவைத் தள்ளிக் கொடுப்பது அடுத்த வீட்டு ரங்கம்மாளின் மகள் தெய்வநாயகி. ஒன்பது வயசு. அன்றைக்குக் காசியம்மாளுக்கு இழை எடுத்துக் கொடுக்கவும் அவளையே உட்கார வைத்திருந்தார்கள்.

அந்தக் குழந்தையின் கை காசியம்மாளுக்குத் தெரியும். பூ மாதிரி கை. இழை நோகாமல் எடுப்பாள். ஆனால் தறியில் சுருட்டியிருந்த சேலையைப் பார்த்தால், கரை முழுக்க முடிச்சு மேல் முடிச்சு.

"இன்னாங்க இது, கரையெல்லாம் இப்பிடி அறுந்துகினு கீது?"

"பொண்ணு கை சரியில்ல காசிம்மா. தெனமும் அறுத்துக்கினே இருக்குது. சின்னப் புள்ள, போவட்டும்னு வுட்டுட்டேன்" என்று சிரித்தார் சக்கரவர்த்தி.

அந்தச் சிரிப்பைக் காசியம்மாள் நம்பவில்லை. பட்டிழையை அறுக்கும் பிள்ளையை எந்த வீட்டிலும் மறுநாள் உட்கார விடமாட்டார்கள். இவரோ கழிவு நூலுக்கே கணக்குக் கேட்கிறவர். நல்ல கை எதற்காக அறுக்கிறது? நஷ்டப்படுகிறவர் எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறார்? அவர் எழுந்து பக்கத்தில் வந்தபோது குழந்தை நகர்ந்து காசியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. பிடித்த கை விடவில்லை.

பாதிப் பாவுதான் பிணைத்திருந்தாள். தலைவலி என்று சொல்லிக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

தன் வீட்டில் பொரி கொடுத்து உட்கார வைத்தாள். "இழைய நீதான அறுக்கற? அடிக்க மாட்டேன், சொல்லு கண்ணு."

தெய்வநாயகி பொரியைக் கீழே வைத்தாள். "அறுத்தா வேணாம்னு அனுப்பிடுவாருன்னு நெனச்சேன் அத்தை. அம்மாதான் அடிச்சிது. அவரு அனுப்பவே இல்ல."

"உன்ன இன்னா பண்றாரு?"

"கை வைக்கிறாரு. வெளிய சொன்னா உன்னத்தான் எல்லாரும் அசிங்கமா பேசுவாங்கன்னாரு."

 காசியம்மாள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் தன்மேல் கோபம் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். "தப்பு அவரு மேல. உன் மேல ஒண்ணும் இல்ல. சொன்னியே, அதான் நல்லது. இனிமே நீ அங்க போவ வேணாம்."

ரங்கம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு அழுதாள். பிறகு, "வெளிய தெரிஞ்சா என் பொண்ண யாரு கட்டுவாங்க? வேணாங்க்கா, போலீஸு கீலீஸுன்னு போவாத" என்று காலைப் பிடித்தாள். தெருப் பெரியவர்கள் அதைவிட மோசம். குழந்தையின் பெயர் சொல்லாமல்தான் காசியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். "இன்னாத்துக்கு இந்த பேஜாரு? ஜல்தியா பாவ முடிச்சுக் குடு, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்கள். நியாயம் எப்போதுமே அப்புறம்தான். அவர்களைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பாவை அவள் முடித்துக் கொடுக்கவில்லை. வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு, ஊரில் பாவு பிணைக்கும் மற்றப் பெண்களின் வீடுகளுக்கெல்லாம் போனாள். எந்தக் குழந்தை என்று சொல்லவில்லை, எந்த வீடு என்று சொன்னாள். அவர்களில் ஜெயம் என்பவள் எதுவும் கேட்காமல் தன் பேத்தியை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். யாரும் அந்த வீட்டுக்குப் போகவில்லை. பாதி பிணைத்த பாவு அப்படியே தொங்கியது. தறி நின்றுபோனால் தெருவுக்குத் தெரியாமல் போகுமா? ஏன் நின்றது என்று கேட்டவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்புவதை நிறுத்தினார்கள். மார்கழிக்குள் சக்கரவர்த்தி வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். கலசப்பாக்கத்தில் புதுசாகத் தறி போட்டிருப்பதாகப் பேச்சு.

தெருவுக்கு நிம்மதி. காசியம்மாளும் அப்பாடா என்று காலை நீட்டினாள். அப்போதுதான் நாயகி கேட்டாள்.

"அங்க யாரு அத்தை நாடா தள்ளுவாங்க?"

 காசியம்மாள் நீட்டிய காலை மடக்கினாள். சாமி, என்னை விட்டால் உனக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் காலை பஸ் ஏறினாள். போளூரில் இறங்கி வேறு பஸ் பிடிப்பதற்குள் முழங்கால் வீங்கிவிட்டது. கலசப்பாக்கத்தில் தறி எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, சத்தமே வழி காட்டியது. சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல்: "தள்ளு கண்ணு."

வாசலில் குரல் கொடுக்காமல் உள்ளே போனாள். சக்கரவர்த்தியின் கை நின்றது. அவர் பக்கத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு பெண் குழந்தை, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தது. காசியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தறியில் கிடந்த சேலையின் கரையைத்தான் பார்த்தாள். அதற்குள் முடிச்சுகள் விழுந்திருந்தன.

சக்கரவர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் காதில் வாங்கவில்லை. குனிய முடியாத காலோடு குனிந்து குழந்தையின் கையைப் பிடித்தாள்.

"எழுந்து வா கண்ணு. நீ ஏன் அறுத்தன்னு எனக்குத் தெரியும். உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க."

குழந்தை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தது. பிறகு எழுந்து வந்தது. இனி இதன் தாயைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். அவள் நம்ப மாட்டாள், பிறகு அழுவாள். காசியம்மாள் வழி கேட்டுக்கொண்டே குழந்தையோடு நடந்தாள்.