அண்ணிக்கு இரண்டு சிறுநீரகம்

என் வீட்டுக்காரரின் அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்களும் வைத்திருந்தேன், அவற்றை எழுதினால் நன்றாக இருக்காது. கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்த அன்றைக்கே, என் பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டை உரித்துத் தண்ணீரில் ஊறவைத்து, கூழாக்கிக் குப்பையில் போட்ட மகராசி அவள். "உன் பேரும் விலாசமும் ஊருக்கெல்லாம் தெரியணுமா?" என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை இருபது வருஷம் ஓய்வில்லாமல் நடந்தது.

அப்பா அம்மா சீக்கிரமே போய்விட, தம்பியைத் தன் சம்பளத்தில் வளர்த்தவள் அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. தங்க வருகிறவர்கள் துவைக்கப் போடும் துணிகளை மெஷினுக்கு அனுப்புமுன் ஒவ்வொரு பாக்கெட்டாகத் துழாவிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பேனா தப்பிப் போனாலும் அந்த டிரம்மில் கிடக்கும் வெள்ளைச் சட்டை அத்தனையும் பாழ். பேனா மட்டுமா கிடைக்கும்? அடையாள அட்டை கிடைக்கும், சம்பளச் சீட்டு கிடைக்கும், யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவு கிடைக்கும். பாங்க் கார்டு கிடைக்கும், அதைச் சுற்றி மடித்த துண்டுச் சீட்டில் அதன் ரகசிய எண்ணே எழுதியிருக்கும். எல்லாவற்றையும் அறை எண் எழுதிய உறைக்குள் போட்டு மேலே அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து புலம்புவாள். "தன்னையே பாக்கெட்ல மறந்துட்டுப் போறாங்க. வேற எவ கையிலயாவது கிடைச்சிருந்தா என்ன கதி?"

அந்த பயத்தில் அவள் செய்த அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. அடையாள அட்டையின் நகல் எங்கே கொடுத்தாலும் அதன் மேல் குறுக்காக இரண்டு கோடு கிழிப்பாள். கோடுகளுக்கு நடுவே 'வீட்டு வாடகைக்கு மட்டும்', 'போன் இணைப்புக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுவாள். "இப்படிக் கிறுக்கினா செல்லாதும்மா" என்பார்கள். "அப்போ உன் கடையே எனக்கு வேண்டாம்" என்று திரும்பி வந்துவிடுவாள். அவளால் எங்கள் வீட்டில் ஒரு காரியம் ஒரே நடையில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. கடைக்காரன் போன் நம்பர் கேட்டால் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லுவாள். என் வீட்டுக்காரர் அவளுக்கு ரகசிய இலாகா என்று பெயர் வைத்திருந்தார். "ரகசிய இலாகா, சோறு போடலாமா, இல்ல அதுக்கும் அடையாளம் காட்டணுமா?" என்பார். அவள் கரண்டியாலேயே அவர் தோளில் ஒன்று வைப்பாள்.

கையெழுத்து விஷயம்தான் உச்சம். பாங்குக்கு ஒன்று, ஹோட்டலுக்கு ஒன்று, பார்சல் கொண்டுவருகிறவனுக்கு ஒன்று என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போடுவாள். அட்டையில் இருந்த பழைய கையெழுத்தையோ எங்குமே போட மாட்டாள். "அட்டையைப் பார்க்கிறவன் எல்லாம் அதைப் பார்க்கிறானே, பழகிட மாட்டானா? அதான் விட்டுட்டேன்" என்றாள். கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. நானே ஒரு நாள் அவளிடம் சொல்லாமல் கொள்ளாமல் என் கையெழுத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் சோபா தைக்கிறவர். நாள் முழுக்கக் குனிந்தே வேலை என்பதால் இடுப்பு வலியை அவர் சட்டை செய்யவில்லை. கால் வீங்கி, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனபோது இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸ். இப்படியே ரொம்ப நாள் தாங்காது, இதயம் பலவீனமாகிக்கொண்டு வருகிறது, மாற்று சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். நான் கொடுக்கிறேன் என்றேன். எனக்குச் சர்க்கரை, ஆகாது என்றார்கள். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "என்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணை எடுத்துக்கட்டும்" என்றாள். வீட்டில் இருக்கும் இரண்டு குடையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போ என்பதுபோலச் சொன்னாள். பரிசோதனை எல்லாம் அப்படியே பொருந்தியது. இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவள் கையைப் பிடித்தேன். "சரி சரி, அழுது வடியாதே" என்று உதறிவிட்டாள்.

காசுக்கு உறுப்பு விற்கிறவர்கள் இருக்கிறார்களாம். அதனால் கொடுப்பவரும் வாங்குபவரும் நிஜமாகவே சொந்தம்தானா என்று ஒரு குழு விசாரித்து அனுமதி கொடுக்க வேண்டும். வெறும் சடங்கு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்றார்கள். குளிரூட்டிய அறை, நீள மேஜை, அந்தப் பக்கம் ஒரு பெரிய டாக்டர், ஒரு வக்கீல், கடைசிவரை வாயே திறக்காத ஓர் அம்மாள். என் வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். வக்கீல் கம்ப்யூட்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"உங்க அடையாள எண்ல மூணு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு சிறுநீரகம் தானம் பண்ணியிருக்கீங்களே?" என்று அண்ணியைக் கேட்டார்.

"நானா? யாருக்கு?"

"உங்க தம்பிக்கு."

"எனக்கு வந்து சேரலையே சார்" என்றார் என் வீட்டுக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இவர் இல்லை. வேற தம்பி. வேற ஆஸ்பத்திரி" என்றார் வக்கீல்.

அண்ணியின் பெயர், அண்ணியின் எண், அண்ணியின் பிறந்த தேதி. எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எவளோ ஒருத்தி, எவனோ ஒருவனுக்கு அக்காவாகிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.  எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. "சார், ஸ்கேன் படத்தைப் பாருங்க. அண்ணிக்கு ரெண்டும் இருக்கு. கொடுத்தவங்களுக்கு எப்படி ரெண்டு இருக்கும்?" என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

"அதாம்மா பிரச்னையே. இந்த எண்ணுக்குச் சொந்தக்காரங்ககிட்ட ஒண்ணுதான் இருக்கணும். இவங்ககிட்ட ரெண்டு இருக்கு. அப்போ இவங்க யாரு?"

"யாரா? இருபது வருஷமா என் உயிரை வாங்கறவங்க சார் இவங்க!" என்று கத்தினேன்.

பெரிய டாக்டர் நல்லவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். "ரத்த சம்பந்தம் இருக்கும்மா, எனக்கு அதுல சந்தேகமே இல்லை. ஆனா இவருக்கு எத்தனை அக்கான்னு ரத்தம் சொல்லாதே. ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வந்து படுத்தா நாளைக்கு நாங்க எல்லாரும் உள்ளே போகணும்" என்றார்.

கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று வக்கீல் சொன்னார். அண்ணியின் பாங்கிலிருந்தும் ஹோட்டலிலிருந்தும் வரவழைத்தார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. அந்தப் பெண் போட்டிருந்த கையெழுத்தோ அட்டையில் இருப்பதை அச்சாகக் காப்பியடித்திருந்தது, எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி. "இதுல எதும்மா உங்க கையெழுத்து?" என்று கேட்டார். "எல்லாமே என்னோடதுதான்" என்றாள் அண்ணி. அவர் பெருமூச்சு விட்டார். அட்டையிலிருந்த படம் அண்ணியின் இருபது வயதில் எடுத்தது, அது இப்போது யாருக்கும் பொருந்தாது.

மற்றவளின் படத்தைத் திரையில் காட்டினார்கள். ஒடுங்கிய முகம், பயந்த கண்கள். அண்ணி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், என்ன கஷ்டமோ, வித்திருக்கா" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். பாவம் பார்க்கிற நேரமா அது?

போலீஸ் விசாரித்து இவர்தான் அவர் என்று எழுதிக் கொடுக்கும்வரை அனுமதி இல்லை என்று முடிவு செய்தார்கள். போலீசுக்குப் போனோம். உறுப்பு தானப் பதிவகம் புகார் கொடுத்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். பதிவகத்துக்குப் போனோம். போலீஸ் அறிக்கை இருந்தால்தான் கோப்பைத் திறக்க முடியும் என்றார்கள். செக்குமாடு கெட்டது போங்கள்.

எங்கிருந்து போயிருக்கும் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்தது. போன் கடையா, வீட்டுத் தரகரா, ஹோட்டலில் அடிக்கடி மாறிய ஒப்பந்தக்காரர்களா? ஒப்பந்தக்காரர்கள் மட்டும் அட்டையையே வாங்கிவைத்துக்கொண்டு மறுநாள்தான் திருப்பிக் கொடுப்பார்களாம். "எல்லாத்துலயும் கோடு போட்டேனே" என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொன்னாள். எங்கிருந்து போனதென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்து மட்டும் என்ன செய்யப் போகிறேன்?

அதற்குப் பிறகு அவள் கோடு போடுவதை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களுக்கெல்லாம் நகல் கொடுத்தாள், போன் நம்பர் கொடுத்தாள், அம்மா பெயர், பிறந்த ஊர், மச்சம் எங்கே இருக்கிறது என்பதுவரை எழுதிக் கொடுத்தாள். வாசலில் நிற்கும் காவலாளி கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். வீட்டில் பழைய செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு அட்டையிலிருந்த அந்தப் பழைய கையெழுத்தை எழுதிப் பழகினாள். சுழி சரியாக வரவில்லை. தன் கையெழுத்தைத் தானே பார்த்துக் காப்பியடிக்கிறாளே! நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படிக்கட்டு ஏற முடியவில்லை, பிறகு படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினார். அப்போதும் வாய் மட்டும் அடங்கவில்லை. "அக்கா, உன் இன்னொரு தம்பி விலாசம் கிடைச்சா சொல்லு. கொஞ்ச நாளைக்கு இரவல் தருவானான்னு கேட்டுப் பார்க்கறேன்" என்றார். அண்ணி சிரித்துவிட்டாள். அதுதான் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

போலீஸ்காரர்கள் ஒருவழியாக விசாரணைக்கு வந்து அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வாரம், இனிமேல் அனுமதி கிடைத்தாலும் அறுவை சிகிச்சையை இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி அவர் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "ரெண்டையும் வேணா எடுத்துக்கோங்க டாக்டர்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பத்து நாள் கழித்து, டயாலிசிஸ் நாற்காலியில் ஊசி குத்தியபடியே என் வீட்டுக்காரர் போனார். பக்கத்தில் நான் இருந்தேன். அண்ணி எங்கேயோ ஓர் அலுவலக வரிசையில், தான் தான்தான் என்று நிரூபிக்க நின்றுகொண்டிருந்தாள்.

இப்போது நானும் அவளும்தான் வீட்டில். சண்டை போடவும் தெம்பில்லை. பதிவகத்தில் கோப்பு இன்னும் திருத்தத்தில் இருக்கிறதாம். போன மாதம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள். சின்னப் பெண் குரல்.

"வணக்கம்மா. உறுப்பு தானப் பதிவகத்துல இருந்து பேசறோம். தானம் செஞ்சவங்களை வருஷா வருஷம் கூப்பிட்டு நலம் விசாரிக்கிறது வழக்கம். உங்க பழைய நம்பர் எடுக்கவே இல்லை. இப்போதான் உங்க கோப்புல இந்தப் புது நம்பர் சேர்த்திருக்காங்க."

திருத்தம் கேட்டு அண்ணி எழுதிக் கொடுத்த நம்பர். அதைக் கொண்டுபோய் அந்தத் திருட்டுக் கோப்பிலேயே சேர்த்திருக்கிறார்கள், படுபாவிகள். கத்தியைப் போட்டுவிட்டு நாலு வார்த்தை கேட்கலாமென்று எழுந்தேன். அண்ணி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள், இரு என்பதுபோல.

"உடம்பு எப்படிம்மா இருக்கு? தழும்புல வலி ஏதாவது?"

"இல்லைம்மா. ஒண்ணும் இல்லை."

"உங்க தம்பி எப்படி இருக்காரு?"

 அண்ணி சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஹலோ ஹலோ என்றாள்.

"நல்லா இருக்கான்மா" என்றாள் அண்ணி. "வேலைக்குப் போறான். முகத்துல வீக்கமெல்லாம் வடிஞ்சிடுச்சு. என்னைக் கிண்டல் பண்றதுதான் இன்னும் குறையலை."

"கேட்கவே சந்தோஷமா இருக்கும்மா. உங்களை மாதிரி ஒரு அக்கா கிடைக்க அவர் கொடுத்து வெச்சிருக்கணும்."

"சரிம்மா, வெச்சிடட்டுமா?" என்றாள் அண்ணி. "அவன் சாப்பிட வர்ற நேரமாச்சு."